அட்டவணையில் எத்தனை புத்தளம்?

‘புத்தளம்’ என்ற பெயர் இலங்கை அரசின் புள்ளிவிபர அட்டவணைகளில் குறைந்தது ஏழெட்டுப் பொருள்களில் வழங்குகிறது. ஓர் அட்டவணை அவற்றுள் எதைக் கருதுகிறது என்று பார்க்காமல் எடுக்கப்படும் எண், எத்தனை தசமதானத்துக்குத் துல்லியமாக அச்சிடப்பட்டிருந்தாலும், பிழையான முடிவிலேயே கொண்டுபோய் விடும். புத்தளம் ஒரு நகரம். அந்நகரைச் சூழ்ந்த பிரதேச செயலாளர் பிரிவும் அதே பெயருடையது. அதைப் போன்ற 16 பிரதேச செயலாளர் பிரிவுகளையும் 548 கிராம அலுவலர் பிரிவுகளையும் அடக்கி, வடக்கே வில்பத்துக் காடு முதல் தெற்கே மா ஓயா வரை நீளும் நிர்வாக மாவட்டமும் புத்தளம்தான். ஐந்து தேர்தல் தொகுதிகளுள் ஒன்று புத்தளம். அந்த ஐந்தும் சேர்ந்த தேர்தல் மாவட்டமும் புத்தளம். மாவட்டத்தின் பள்ளிக்கூடங்கள் புத்தளம், சிலாபம் என்ற இரண்டு கல்வி வலயங்களாகவும், பொலிஸ் நிலையங்கள் அவ்வாறே இரண்டு பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டிருப்பதால், ‘புத்தளத்தில் இத்தனை மாணவர்’, ‘புத்தளத்தில் இத்தனை முறைப்பாடு’ என்று வாசிக்கும்போது அது முழு மாவட்டத்தையா அல்லது அதன் வடபகுதியையா குறிக்கிறது என்ற கேள்வி எழ வேண்டும்.

இந்தக் குழப்பம் கடற்கரையில்தான் உச்சத்தை அடைகிறது. கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம் நாட்டின் கரையை நிர்வாக மாவட்டங்களாகப் பார்ப்பதில்லை. கடற்றொழில் மாவட்டங்கள் என்ற தனிப் பகுப்பையே கையாள்கிறது. நிர்வாக மாவட்டமாக இல்லாத சிலாபம், நீர்கொழும்பு, தங்காலை, கல்முனை ஆகியன அந்தப் பகுப்பில் தனித்தனி மாவட்டங்களாக நிற்கின்றன. ஆகவே கடற்றொழில் அமைச்சு வெளியிடும் ஆண்டு மீன் உற்பத்தி அட்டவணையில் ‘புத்தளம்’ என்ற வரிசைக்கு நேரே உள்ள தொன் கணக்கு கற்பிட்டிக் குடாநாட்டையும் களப்பையும் சார்ந்த வடகரையின் கணக்கேயாகும். மாவட்டத்தின் தெற்குக் கரையில் இறங்கும் மீன் ‘சிலாபம்’ என்ற வரிசையில் ஏறிவிடுகிறது. அந்த முதல் வரிசையை மட்டும் எடுத்து முழு மாவட்டத்தின் மக்கள் தொகையால் வகுத்து, தலைக்கு இத்தனை கிலோ மீன் என்று எழுதினால், மேலெண் பாதி மாவட்டத்துக்கும் கீழெண் முழு மாவட்டத்துக்கும் உரியதாகிவிடும். இரண்டு எண்களும் அரசே வெளியிட்டவை, இரண்டும் சரியானவை; அவற்றை இணைத்த கணக்குத்தான் தவறு. இதற்கு மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. மீன் எங்கே கரையேறுகிறதோ அங்கேதான் எண்ணப்படுகிறது. மீனவரோ எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கே எண்ணப்படுகிறார். பருவத்துக்குப் பருவம் வேறு கரைக்குப் போய் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்யும் குடும்பங்கள் உள்ள கடலோரத்தில் இந்த இரண்டு இடங்களும் ஒன்றாக இருப்பதில்லை.

பெயர்ச் சிக்கலின் இன்னொரு முகம் எழுத்துக்கூட்டல். தமிழர் நுரைச்சோலை என்பதை ஆங்கில ஆவணங்கள் ‘நொரொச்சோலே’ என்ற சிங்கள ஒலிப்பைத் தழுவியே பெரும்பாலும் எழுதுகின்றன; உடப்பு ‘உடப்புவ’ ஆகிறது; வண்ணாத்திவில்லு ‘வனாத்தவில்லுவ’ ஆகிறது; கற்பிட்டி பழைய ஆவணங்களில் ‘கல்பென்டின்’ என்றே கிடக்கிறது. தமிழ்ப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாமல் போவதற்குத் தரவு இல்லாமை காரணமாக இருக்கவேண்டியதில்லை. அந்த ஊர் வேறொரு பெயருக்குள் ஒளிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். இதற்கான கைமருந்து குறியீட்டு எண். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டிலக்க எண் ஒன்றை வழங்கியிருக்கிறது. முதலிலக்கம் மாகாணத்தையும் இரண்டாவது மாவட்டத்தையும் குறிக்கும். வடமேல் மாகாணத்துக்கு 6. அதில் குருநாகல் 61, புத்தளம் 62. அதற்குப் பின்னால் பிரதேச செயலாளர் பிரிவின் எண்ணும் கிராம அலுவலர் பிரிவின் எண்ணும் தொடர்ந்து வரும். இரண்டு அட்டவணைகளை ஒட்டவைக்க வேண்டியிருக்கும்போது ஊர்ப்பெயரைக் கொண்டு ஒட்டுவதைவிட இந்த எண்ணைக் கொண்டு ஒட்டுவதே பாதுகாப்பானது. எழுத்துக்கூட்டல் மாறலாம், 62 மாறுவதில்லை.

கற்பிட்டியிலிருந்து தொடங்கிய பட்டியல்

இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் அமைவிடம், குடிகள், விளைபொருள், தொழில் ஆகியவற்றைத் தொகுத்து எழுதும் முயற்சியை இந்தக் கரையில் பிறந்த தமிழர் ஒருவரே செய்தார் என்பது, புத்தளத்தார்கூட அதிகம் நினைவுகூராத ஒரு பெருமை. 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தின் மணியகாரராகப் பணிபுரிந்த காலத்தில், 1834 இல் ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். ‘கசற்றியர்’ என்பது ஊர்ப்பெயர்களுக்கான அகராதி. இன்றைய மொழியில் சொன்னால் அச்சில் அமைந்த தரவுத்தளம். தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூராக்’கின் ஆசிரியராகவே இலக்கிய உலகம் அவரை அறியும்; எண்களையும் எல்லைகளையும் பதிவுசெய்த காசிச்செட்டி பின்தள்ளப்பட்டுவிட்டார். நாடு முழுவதையும் தழுவிய முறையான முதற் குடித்தொகை மதிப்பு அதன் பிறகு 37 ஆண்டுகள் கழித்து, 1871 மார்ச் 27 ஆம் திகதியே நடந்தது. 1901 ஆம் ஆண்டின் மதிப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் ஒரு தமிழர், பொன்னம்பலம் அருணாசலம்.

1871 தொடங்கி 2024 வரை பதினைந்து தொகைமதிப்புகள் நடந்துள்ளன. தொகைமதிப்பு என்பது மாதிரி எடுக்காமல் வீடு வீடாகச் சென்று அனைவரையும் எண்ணும் முறை. அதனால்தான் மாவட்டத்துக்குக் கீழே, கிராம அலுவலர் பிரிவு வரை எண்களைத் தர அதனால் முடிகிறது. எண்ணி முடித்தவுடன் வெளியாகும் முதற்கட்டத் தொகைக்கும், சரிபார்த்து வெளியிடும் இறுதித் தொகைக்கும் வேறுபாடு உண்டு என்பதைத் தேடுவோர் கவனிக்க வேண்டும். 2012 இல் முதற்கட்ட அறிக்கை நாட்டின் மக்கள் தொகையை 20,277,597 என்றது. இறுதி அறிக்கை 20,359,439 என்றது. இடையே விழுந்த 82 ஆயிரம் பேர் ஒரு சிறு நகரின் குடித்தொகைக்கு மேற்பட்டவர்கள். 2024 மதிப்பின் முதற்கட்டத் தொகையான 21,763,170 அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெளியானது. பழைய முதற்கட்ட எண்ணைப் புதிய இறுதி எண்ணோடு ஒப்பிட்டு வளர்ச்சி வீதம் கணிக்கும் கட்டுரைகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டேயிருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

புத்தளத்தைப் பற்றி ஒரேயொரு ஆவணத்தைத்தான் தரவிறக்க முடியும் என்றால், தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மாவட்டவாரியாக வைக்கப்பட்டிருக்கும் ‘மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூல்’ அதற்குரியது. காணிப் பயன்பாடு, மழைவீழ்ச்சி, பாடசாலை, வைத்தியசாலை, கால்நடை, நெல், தெங்கு எனப் பல திணைக்களங்களின் எண்கள் கச்சேரியின் புள்ளிவிபரக் கிளை வழியாக அதில் ஒன்றுசேர்கின்றன. கைந்நூலின் மதிப்பு எண்களில் பாதி, அடிக்குறிப்புகளில் பாதி. ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் ‘மூலம்’ என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் வரி, அந்த எண் எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்று கூறுவதால், அது எந்தப் புத்தளம் என்பதையும் மறைமுகமாகக் கூறிவிடுகிறது.

1981க்கும் 2012க்கும் இடையில்

1981 தொகைமதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 4.9 இலட்சம், 2012 இல் அது 762,396. மூன்று தசாப்தங்களில் மாவட்டம் ஒன்றரை மடங்கானது என்பதில் வியப்பில்லை. ஆனால் அதே காலத்தில் இலங்கைச் சோனகர், அதாவது முஸ்லிம்களின் தொகை, மாவட்டத்தின் பத்திலொரு பங்கிலிருந்து ஐந்திலொரு பங்கை நெருங்கி, எண்ணிக்கையில் ஏறக்குறைய மும்மடங்கானது. இந்த இரண்டு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், இடையில் நடந்ததை அறியாவிட்டால், எந்த விபரீத விளக்கத்துக்கும் போகக்கூடும், போனவர்களும் உண்டு.

இடையில் நடந்தது 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்களை, சில இடங்களில் மணிக்கணக்கில் மட்டுமே அவகாசம் கொடுத்து, வெளியேற்றினர். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிலிருந்து வந்த அம்மக்களில் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது கற்பிட்டியிலும் புத்தளத்தைச் சூழ்ந்த ஊர்களிலும்தான். அடுத்த ஆண்டே நடந்திருக்க வேண்டிய 1991 தொகைமதிப்பு போரினால் நடக்கவில்லை. 2001 மதிப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது; புத்தளம் அந்தப் பதினெட்டில் இருந்தது, அவர்கள் விட்டுவந்த வடக்கில் பெரும்பகுதி அதில் இல்லை. போய்ச்சேர்ந்த இடம் எண்ணப்பட்டு, புறப்பட்ட இடம் எண்ணப்படாமல் விடப்பட்டது. வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்று பரவலாக எடுத்தாளப்படும் தொகை இன்றுவரை ஒரு மதிப்பீடாகவே நிற்பதற்கு இந்த வெற்றிடமே காரணம்.

2012 மதிப்பு நாடு முழுவதையும் எண்ணியது. ஆட்களை அவர்கள் வழக்கமாக வதியும் இடத்திலேயே பதிந்தது. இந்த விதியின்படி, மன்னாரில் காணியும் நினைவும் வைத்துக்கொண்டு 22 ஆண்டுகளாகக் கற்பிட்டியில் வாழ்ந்த குடும்பம் புத்தளத்தின் தொகையிலேயே சேரும். இது முறையியலில் குற்றமில்லை. ஆனால் வீடு, நிவாரணம், வாக்கு என்று பங்கீடு வரும் இடமெல்லாம் ‘எங்கே எண்ணப்பட்டவர்’ என்ற கேள்வி ‘எந்த ஊரார்’ என்ற கேள்வியாக மாறிவிடுவதுதான் இந்தக் கரையின் தனித்த சிக்கல். இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரில் வாக்காளராகப் பதிய வழிசெய்யும் விசேட சட்டம் ஒன்று 2013 இல் நிறைவேற்றப்பட்டதால், ஒரே ஆள் தொகைமதிப்பில் புத்தளத்தவராகவும் வாக்காளர் இடாப்பில் மன்னாரவராகவும் இருப்பது சாத்தியமாயிற்று. வாக்காளர் தொகையை வளர்ந்தோர் தொகையால் வகுத்துப் பதிவு வீதம் காண முயல்வோர், இந்த மாவட்டத்தில் அந்தக் கணக்கை இரண்டு முறை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

இனவாரி அட்டவணை காட்டாத காரணத்தை, அதே தொகைமதிப்பின் வேறோர் அட்டவணை காட்டுகிறது என்பதே இங்குக் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம். 2012 வினாக்கொத்தில் பிறந்த மாவட்டம், முன்பு வதிந்த மாவட்டம், இங்கே வந்து எத்தனை ஆண்டு, வந்த காரணம் என்ற கேள்விகள் இருந்தன. காரணங்களின் வரிசையில் திருமணம், தொழில், கல்வி என்பவற்றோடு இடப்பெயர்வும் ஒன்றாக இருந்தது. குடிபெயர்வு என்ற தலைப்பின் கீழுள்ள அந்த அட்டவணைகளைத் திறந்து புத்தளத்தின் வரிசையை வாசிப்பவருக்கு, மும்மடங்கான எண் ஓரளவு தன் கதையைத் தானே சொல்லிவிடும். ஆனால் மக்களின் இனப் பங்கீட்டை வைத்து நடக்கும் மேடைப் பேச்சுகளில் முதல் அட்டவணை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதும், இரண்டாவது அட்டவணை அறவே குறிப்பிடப்படாமல் போவதும் தற்செயலென்று கொள்ள முடியவில்லை.

சிறிய எழுத்தில் உள்ளவை

எல்லாத் தரவும் தொகைமதிப்பைப் போல ஊர் மட்டம் வரை இறங்குவதில்லை. வறுமை வீதத்தைத் தருவது குடும்ப வருமான செலவின ஆய்வு; 2019 இல் அது நாடு முழுவதும் 25,000 வீடுகளை மாதிரியாக எடுத்து, ஒருவரின் அடிப்படைத் தேவைக்கு மாதம் 6,966 ரூபாய் என்ற தேசிய வறுமைக்கோட்டை வகுத்தது. அந்த மாதிரி 25 மாவட்டங்களுக்குப் பங்கிடப்படும்போது மாவட்டத்துக்கு ஒரு வீதம் சொல்லப் போதுமானதாக இருக்கிறது. பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஒன்று சொல்லப் போதுவதில்லை. ‘முந்தலில் வறுமை இத்தனை வீதம்’ என்று யாராவது எழுதினால், அது நேரடியாக அளந்ததா, அல்லது ஆய்வையும் தொகைமதிப்பையும் கணித முறையில் இணைத்துத் தயாரிக்கும் ‘வறுமை வரைபட’த்திலிருந்து எடுத்த மதிப்பீடா என்று கேட்பது நியாயம். தெங்கு விளையும் வென்னப்புவையும் உப்பு விளையும் பாலாவியும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. மாகாண மட்டத்துக்குப் போனால் குருநாகலின் பெருந்தொகைக்குள் கரை முழுவதுமே கரைந்துவிடுகிறது.

விலைவாசியிலும் இதே கதை. பொருளாதார நெருக்கடியின் உச்சமான 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம் என்று ஊடகங்கள் கூறின. அது கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண். பெயரே சொல்வதுபோல் கொழும்பு நகரவாசியின் கூடைக்குரியது. நாடு முழுவதையும் தழுவிய தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் அதே மாதம் 73.7 வீதம் காட்டியது. இரண்டும் அப்போது வழக்கிலிருந்த 2013 ஐ அடியாண்டாகக் கொண்டவை. அடியாண்டு என்பது விலைகளை 100 என்று வைத்து ஒப்பிடத் தொடங்கும் ஆண்டு. வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் கற்பிட்டி வெங்காயத் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டாவது எண் நெருக்கமானது.

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கை, வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு புதையல். அதில் டெங்கு, எலிக்காய்ச்சல் முதலிய ஒவ்வொரு நோய்க்கும் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பத்திகள் உள்ளன. முதலாவது அந்த வாரத்தில் அறிவிக்கப்பட்டோர், இரண்டாவது ஆண்டுத் தொடக்கத்திலிருந்து திரண்ட மொத்தம். இவற்றை மாற்றி வாசித்து, ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானோர் என்று பீதி கிளப்புவது எளிது. வரிசையின் கோடியில் ‘டி’, ‘சி’ என்று மேலும் இரண்டு பத்திகள் ஒதுங்கி நிற்கும். அப்பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிகள் அனுப்ப வேண்டிய அறிக்கைகளில் எத்தனை வீதம் உரிய நேரத்தில் வந்தன, எத்தனை வீதம் மொத்தத்தில் வந்து சேர்ந்தன என்பதை அவை காட்டுகின்றன. இந்தக் கடைசிப் பத்தியின் எண் நூறுக்கு வெகு கீழே இருக்கும் வாரத்தில் புத்தளத்தின் டெங்குத் தொகை குறைந்திருந்தால், குறைந்தது நோயாகவும் இருக்கலாம், வந்த கடிதங்களாகவும் இருக்கலாம்.

எண்ணின் உண்மையைச் சோதிக்க எப்போதும் பெரிய கல்வி தேவைப்படுவதில்லை. நுரைச்சோலையின் லக்விஜய அனல்மின் நிலையத்தில் ஒவ்வொன்றும் 300 மெகாவாட் திறனுடைய மூன்று மின்பிறப்பாக்கிகள் உள்ளன. முதலாவது 2011 இல் இயங்கத் தொடங்கியது. மூன்றும் 24 மணிநேரமும் முழுத்திறனில் ஓடினாலும் ஒரு நாளில் பிறக்கக்கூடியது 21,600 மெகாவாட் மணி, அதாவது 2 கோடி 16 இலட்சம் அலகு மட்டுமே. நிலையத்தின் சொந்தப் பாவனை போக வலையமைப்புக்குச் செல்வது அதிலும் குறைவு. இலங்கை மின்சார சபையின் நாளாந்த உற்பத்தி அறிக்கையை எடுத்துக்காட்டி இதைவிட அதிகமான தொகையை யாராவது எழுதியிருந்தால், அளவை அலகில் எங்கோ சறுக்கியிருக்கிறார் என்பது உடனே புலப்படும். மறுபக்கத்தில், ஒரு பிறப்பாக்கி நின்றுபோன நாள்களை நுரைச்சோலையில் வசிப்பவர் புகைபோக்கியைப் பார்த்து அறிவதைவிடத் தெளிவாக அந்த அறிக்கை காட்டிவிடும்.

தரவுக்குக் காலக்கெடுவும் உண்டு என்பதை அறுவைக்காடு உணர்த்தியது. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், கொழும்பின் கழிவைக் களனியிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர் ரயிலில் ஏற்றிவந்து வண்ணாத்திவில்லுப் பகுதியிலுள்ள அறுவைக்காட்டின் சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்தில் நிரப்பும் திட்டம் வேகம் பெற்றது. புத்தளத்தில் மாதக்கணக்கில் எதிர்ப்பு நடந்தது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 திருத்தமும், இத்தகைய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துத் தெரிவிக்க 30 நாள் அவகாசம் வழங்குகின்றன. நிலத்தடி நீர், மண், காற்றின் திசை, களப்பின் உயிரினங்கள் என அந்தப் பிரதேசத்தைப் பற்றி வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காத அளவீடுகள் இத்தகைய அறிக்கைகளின் பின்னிணைப்புகளில் புதைந்திருக்கும். அவகாசம் முடிந்த பிறகு அவை வெறும் வரலாற்று ஆவணம். அவகாசத்துக்குள் அவை சான்று. வர்த்தமானியையும் பத்திரிகை அறிவித்தலையும் கவனித்துவருவது தரவு தேடலின் ஒரு பகுதியாவது இதனால்தான்.

இணையத்தில் இல்லாததைக் கேட்டுப் பெற 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தின் வெற்றி கேள்வியின் கட்டமைப்பில் இருக்கிறது. ‘எமது பகுதியின் குடிநீர்ப் பிரச்சினை பற்றிய விபரம் தருக’ என்று கேட்டால் ஒரு பக்கக் கடிதம் வரும். ‘2020 முதல் 2024 வரை கற்பிட்டிப் பிரதேச செயலாளர் பிரிவில் பரிசோதிக்கப்பட்ட கிணறுகளின் நைத்திரேற்று அளவு, கிராம அலுவலர் பிரிவுவாரியாக, பரிசோதித்த திகதியுடன், எக்செல் கோப்பாகவோ அது இல்லாவிடில் பதிவேட்டின் பிரதியாகவோ’ என்று கேட்டால் அலுவலகம் பதிவேட்டையே திறக்க நேரிடும். உரம் மிகுந்த மணற்பாங்கான வெங்காய நிலங்களின் ஊடே கிணற்றுநீர் குடிக்கும் கற்பிட்டிக்கு இது வெறும் பயிற்சிக் கேள்வியும் அன்று.

‘அத்தகைய தரவு எம்மிடம் பேணப்படவில்லை’ என்று பதில் வருவதும் உண்டு. அதை வீசியெறிய வேண்டாம். திகதியும் ஒப்பமும் இட்ட அந்தக் கடிதம், எண்ணப்பட வேண்டிய ஒன்று எண்ணப்படாமல் இருக்கிறது என்பதற்கான எழுத்துமூல ஒப்புதல். அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மேசைமேல் வைக்கத்தக்க ஆவணம் அதுவே.